மீனாட்சியா, மடப்புரம் காளியா, தெப்பக்குளத்து மாரியா: கையில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்தால்

சென்னையிலிருந்து சித்தி போன் செய்தார். "கல்யாணத்துக்கு வர்றேன்டா. மறுநாள் வெள்ளிக்கிழமை, ராத்திரிதான் ரயிலு. மீனாட்சியப் பாக்கணும். எல்லாரும் மடப்புரம் மடப்புரம்ங்கிறாங்களே, அங்கயும் போகணும். ரெண்டும் முடியுமா?"

முடியும் என்று சட்டென்று சொல்லிவிடலாம். நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சித்திக்கு வயது அறுபத்தெட்டு, முழங்காலில் வலி. அதை விட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே மனநிலையோடு போக முடியாது. மீனாட்சியைப் பார்க்கப் போவோம். மடப்புரத்துக்குப் பேசப் போவோம்.

மீனாட்சி ராணி. சித்திரையில் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுத்தால் ஆவணி வரைக்கும் அவள் ஆட்சி. ஆவணி மூலத்தில் சொக்கருக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள். ("உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம். கணக்குப் பார்த்தால் அம்மனுக்கு நான்கு மாதம், சுவாமிக்கு எட்டு மாதம்.) ராணியைப் பார்க்கப் போனால் அரண்மனை வழக்கப்படிதான் நடந்துகொள்ள வேண்டும். அரைக்கால் சட்டை ஆகாது. செல்போன் ஆகாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு, போனை வாசலிலேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பொது வரிசை இலவசம், அவசரக்காரர்களுக்கு 50, 100 ரூபாய்ச் சீட்டு. விசேஷ நாட்களில் சீட்டு வரிசையே பொது வரிசை மாதிரி வளைந்து நிற்கும். மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பு. வெளியூர்க்காரர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கருவறை முன்னால் நமக்குக் கிடைப்பது சில நொடிகள். எண்ணெய் விளக்கு வெளிச்சம், கையில் கிளி, முகத்தில் மூக்குத்தி. அந்த மூக்குத்தி மின்னுவதைப் பார்ப்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்று குரல் வந்துவிடும். ஆனால் வெளியே வந்ததும் கிளம்பிவிடாமல் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்காருங்கள். எதிரே தெரியும் தெற்குக் கோபுரம் நான்கு வெளிக்கோபுரங்களிலும் உயரமானது, சுமார் 170 அடி. வெள்ளிக்கிழமை மாலை என்றால் குளக்கரை மண்டபத்தில் அம்மனுக்கும் சுவாமிக்கும் ஊஞ்சல். என்னைக் கேட்டால் கூட்ட நாளில் கருவறையை விட இந்தப் படிக்கட்டில்தான் மீனாட்சி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறாள்.

இன்னொன்று இரவுப் பள்ளியறை பூஜை. சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். இங்கே அவர்தான் அவள் வீட்டுக்கு வருகிறார். நாதஸ்வரமும் சாம்பிராணிப் புகையுமாக அந்த நேரத்தில் கோயிலுக்கு வேறு முகம். ரயிலைப் பிடிக்கும் அவசரம் இல்லாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

செருப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மன் சன்னதி வாசலில் விட்டுவிட்டுத் தெற்கு வாசலில் வெளியே வந்தீர்கள் என்றால் ஆடி வீதிக் கல்லும் சித்திரை வீதித் தரையும் சேர்ந்து உள்ளங்காலைப் பதம் பார்க்கும். ஒரு மே மாதம் நண்பகலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இப்படி வந்து மாட்டிக்கொண்டேன். நிழல் விட்டு நிழலுக்கு இருவரும் ஓடிய ஓட்டத்தை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

மடப்புரத்தில் கதையே வேறு. திருப்புவனத்துக்கு எதிரே, வைகைக்கு அக்கரையில் இருக்கும் ஊர். சிவகங்கை மாவட்டம்தான், ஆனால் மதுரைக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்க் கோயிலாகவே நினைக்கிறார்கள். மானாமதுரை, பரமக்குடி பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி திருப்புவனத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கோயில் அடைக்கலம் காத்த அய்யனாருடையது. கூட்டம் மட்டும் காளிக்கு. அவளுக்குக் கூரை கிடையாது. வெட்டவெளியில் நிற்கிறாள். தலைக்கு மேல் முன்னங்காலைத் தூக்கி நிற்கிற பெரிய குதிரைதான் அவளுக்குக் குடை. வெயிலும் மழையும் நேராக அவள் மேல். கோபுரம், பிரகாரம், ஆயிரங்கால் மண்டபம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அப்புறம் மாலைகளைப் பார்ப்பீர்கள். கழுத்திலிருந்து கால் வரை எலுமிச்சை. வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் எலுமிச்சை. பூவாசம் குறைவு, எலுமிச்சைத் தோல் வாசம்தான் தூக்கும். கோடையில் சந்தையில் பழம் விலை ஏறினால் வாசல் கடையில் மாலை விலையும் கூடவே ஏறும்.

பக்கத்தில் நிற்பவர் எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்காதீர்கள். கொடுத்த கடன் திரும்பி வராதவர், நிலத்தை ஏமாந்தவர், நகை திருட்டுப்போனவர், செய்யாத குற்றத்துக்குப் பேர் வாங்கியவர். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து சலித்தவர்களுக்கு இது கடைசிப் படி. காசு வெட்டிப் போடுவது இங்கே நடக்கும். தனக்குத் தீங்கு செய்தவனைச் சொல்லி, ஒரு நாணயத்தை அம்மன் முன்னால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, "இனி நீ பாத்துக்க" என்று திரும்பிவிடுவது. வெட்டுப்பட்ட காசு கல்லில் விழும்போது வருவது ஒரு சின்னச் சத்தம்தான், ஆனால் வரிசையில் பேச்சு அப்படியே அடங்கும். "மடப்புரத்துல வந்து சத்தியம் பண்ணுவியா?" என்ற ஒரே கேள்வியில் முடிந்துபோன பஞ்சாயத்துகள் எங்கள் பக்கத்தில் உண்டு. எனக்கு இதில் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. கோபத்தில் போகிறவர்களைத் தடுத்தும் இருக்கிறேன். ஆனால் அங்கே அழுதுவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு அதிகம் வாதாடுவதில்லை.

சுற்றிப் பார்க்க என்று வருகிறவர்களுக்கு மடப்புரம் ஒத்துவராது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் நெரிசலும் வெயிலும் சேர்ந்து வாட்டும். குழந்தைகளோடு போனால் காலையிலேயே போய்விட்டு, திரும்பும் வழியில் 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள்.

தெப்பக்குளத்து மாரியம்மனை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. மடப்புரம் போகும் வழியில், ஊர் எல்லையிலேயே இருப்பதுதான் அவளுக்குக் குறை. திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் வெட்டிய பள்ளம்தான் 1645-இல் குளமானது என்பார்கள். மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் அந்தப் பள்ளத்தில் கிடைத்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது குளத்துக்குள் கிரிக்கெட் ஆடுவோம், இப்போது வைகைத் தண்ணீர் வருகிறது. கோயில் சின்னது, பதினைந்து நிமிடம் போதும். விசேஷ நாள் இல்லையென்றால் பூசாரி நின்று பேசுவார், பெயர், நட்சத்திரம் கேட்பார், குங்குமத்தை அள்ளித் தருவார். முழங்கால்காரர்களுக்கு இதை விட நல்ல கோயில் மதுரையில் இல்லை. மீனாட்சியே தை மாதம் சொக்கரோடு இந்தக் குளத்துக்கு வந்து தெப்பத்தில் சுற்றுகிறாள், நாம் போகக் கூடாதா?

இருக்கன்குடியை ஏன் விட்டேன் என்று விருதுநகர்ப் பக்கத்து உறவுகள் சண்டைக்கு வருவார்கள். சாத்தூர் அருகே, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் மாரியம்மன். அங்கே போவது தரிசனத்துக்கு மட்டும் இல்லை. முடி இறக்கி, பொங்கல் வைத்து, மாவிளக்குப் போட்டு, சொந்தபந்தத்தோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வருகிற கோயில் அது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சித்திக்கு இப்படி வகுத்தேன். காலை ஆறு மணிக்கு மடப்புரம், வெயிலுக்கு முன்னால் திரும்பல். வழியில் தெப்பக்குளம். மதியம் வீட்டில் சாப்பாடு, தூக்கம். நாலரைக்கு மீனாட்சி, ஊஞ்சல் முடியும் வரை குளப்படி. எல்லாம் நேரத்துக்கு நடந்தது, மடப்புரத்தைத் தவிர. அங்கே மாலை சாத்திய பிறகும் சித்தி கிளம்பவில்லை. காசு வெட்டும் இடத்துப் பக்கம் போய்ச் சும்மா நின்றார். பர்ஸைத் திறந்தார், ஒரு ரூபாயை எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளே போட்டு மூடினார். நானும் கேட்கவில்லை.

ரயில் ஏறும்போதுதான் சொன்னார்: "ஆடி வெள்ளிக்கு மறுபடி வர்றேன்டா, அதுக்கு மட்டும்."

ஆடி வெள்ளி மட்டும் வேண்டாம் சித்தி, அன்றைக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது, ஒரு புதன்கிழமையாகப் பார்த்து வாருங்கள் என்றேன்.