700 ரூபாய் டிஸ்க் பிளேட்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கடைக்காரர் மேசையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, என் பைக்கின் முன் பிரேக்குக்கு நான் வாங்க வந்த டிஸ்க் பிளேட்டில் (சக்கரத்தோடு சுற்றும் உலோகத் தட்டு) ஒட்டினார். டக்கென்று பிடித்தது. "பாருங்க தம்பி, ஒரிஜினல் இரும்பு. ஷோரூம்ல இதையே பாக்கெட் மாத்திப் போட்டு மூணு மடங்கு வாங்குறான்." நான் தலையாட்டினேன். 700 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 150 சிசி, எட்டு வருடப் பழசு. திருவட்டாரிலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். மே மாதக் கடைசியில் முன் டயர் மாற்றும்போது மெக்கானிக் டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவிக் காட்டினார். பேட் (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் கட்டை) உரசும் இடம் தேய்ந்து பள்ளமாகி, விளிம்பில் வரப்பு மாதிரி நின்றது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கின் மேலேயே குத்தியிருக்கும். என் டிஸ்க்கில் 3.5 மில்லிமீட்டர். அளந்தால் 3.3. (தடிமன் அளக்கும் வெர்னியரை அந்த வரப்பின் மேல் வைத்து அளந்தால் டிஸ்க் நன்றாக இருப்பதாகவே காட்டும். உள்ளே பள்ளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.) மாற்றியே ஆக வேண்டும் என்றார். அதில் அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

ஷோரூமில் 2,300 ரூபாய் சொன்னார்கள், வர நாலு நாள் ஆகும் என்றார்கள். ஜூன் பிறக்கப் போகிறது. நம்ம ஊரில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இரண்டும் உண்டு. மழைக்கு முன் மாட்டிவிடலாம் என்ற அவசரத்தில் நாகர்கோவிலில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏறினேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. இந்தச் சாமான் அந்த ஒரு கடையில் மட்டும் தொங்கவும் இல்லை.

டிஸ்க் பளபளவென்று இருந்தது, முகம் பார்க்கலாம். சத்தியமாக, பழைய கம்பெனி டிஸ்க் புதிதாக இருந்தபோதுகூட அவ்வளவு மினுக்கம் கிடையாது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய முதல் இரண்டு நாள் பிரேக் சரியாகப் பிடிக்கவே இல்லை. "புது பேட், புது டிஸ்க், செட் ஆகட்டும்" என்றார் மெக்கானிக். அது ஓரளவு உண்மைதான். எந்தப் புது டிஸ்க்கும் முதலில் கொஞ்சம் வழுக்கும், அதன் மேலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பழக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து பிடித்தது. ஆனால் லிவரைப் பிடித்தால் விரலில் துடிப்பு. வேகம் குறையக் குறைய 'டுக்... டுக்... டுக்...' என்று சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு. முதல் மழைக்கு மறுநாள் காலையில் பார்த்தால் பேட் உரசும் வட்டம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. பக்கத்து வீட்டுப் பையனின் வண்டி அதே மழையில்தான் நின்றது, அதன் டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. அப்போதாவது விழித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், தக்கலைக்கு வரும் வழியில் ஒரு இறக்கம். மழை விட்டிருந்தது, ரோடு கரடுமுரடு. முன்னால் போன மினி பஸ் ஆள் ஏற்ற நின்றது. லிவரைப் பிடித்தேன், பிரேக் பிடிக்காமலே ஹேண்டில் வரைக்கும் வந்துவிட்டது. விட்டு மறுபடி பிடித்தால் திடீரென்று பிடிக்கிறது. அந்தப் பதற்றத்தில் பின் பிரேக்கையும் மிதிக்க, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மண்ணில் சாய்ந்தது. முழங்கை சிராய்ப்பு, ஒரு இண்டிகேட்டர், அவ்வளவுதான். நல்லவேளை, எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

மறுநாள் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கோட்டாறு பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் போனேன். அப்பாவின் கூட்டாளி, நாற்பது வருடமாக லேத்தில் நிற்பவர். சமதளக் கல்லின் மேல் டிஸ்க்கை வைத்து ஒரு ஓரத்தை விரலால் அழுத்தினார். மறு ஓரம் எழும்பியது.

"மக்கா, இது டிஸ்க்கா, பப்படமா?"

அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தார். 0.40 மில்லிமீட்டர் தகடு சிரமமே இல்லாமல் நுழைந்தது. பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் சக்கரத்தோடு சுற்றும்போதே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் அவுட் (பக்கவாட்டு ஆட்டம்) இருக்கக் கூடாது என்றுதான் இருக்கும். ஹப்பில் (டிஸ்க்கை முடுக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) துரு இருந்து டிஸ்க் சரியாக உட்காராமல் போயிருக்கலாமே என்று மெக்கானிக்குக்காக நான் கேட்டேன். "கழத்திக் கல்லுமேல வெச்ச பிறகு ஹப்பு எங்க வந்தது?" என்றார். சரிதான்.

அடுத்து மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் தடிமனைப் பிடித்தார். அதிகம் 3.96 மில்லிமீட்டர், குறைவு 3.84. நல்ல டிஸ்க்கில் இந்த வித்தியாசம் 0.01, 0.02 அளவில் நிற்கும். தடித்த இடம் வரும்போது பேட் அகல்கிறது, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போகிறது, ஆயில் லிவரைத் தள்ளுகிறது. அதுதான் என் விரலில் தெரிந்த துடிப்பு. டிஸ்க்கின் வளைவுக்கு வேறு வேலை: பிரேக் பிடிக்காமல் ஓடும்போது ஆடுகிற டிஸ்க் பேட்களைத் தட்டித் தட்டி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்து பிரேக் பிடிக்கும்போது முதல் பிடி அந்த இடைவெளியை நிரப்புவதற்கே போய்விடும். இறக்கத்தில் எனக்கு நடந்தது அதுதான். டிஸ்க்கில் ஒரு பக்கம் மட்டும் நீலம் பாரித்திருந்ததையும் மாமா காட்டினார். மேடான இடம் மட்டும் உரசிச் சூடேறிய தடம்.

காந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். பைக் டிஸ்க் பெரும்பாலும் செய்வது சுமார் 12 சதவீதம் குரோமியம் உள்ள, சூடுபடுத்திக் கடினப்படுத்தக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். அதில் காந்தம் ஒட்டும். சாதாரண இரும்புத் தகட்டிலும் ஒட்டும். அப்புறம் அந்தச் சோதனையால் என்ன தெரியும்? ஒட்டவில்லை என்றால் அது பாத்திரத்துக்குப் போடும் வகை, சூடுபடுத்திக் கடினப்படுத்தவே முடியாது, டிஸ்க்குக்கு ஆகாது. ஒட்டினால் நல்லது என்று அர்த்தமே இல்லை. என்னுடையது சாதாரண இரும்பு, மேலே முலாம். முதல் இரண்டு நாள் பிரேக் வழுக்கியது பேட் அந்த முலாமைத் தேய்த்துக்கொண்டிருந்ததால். முலாம் போனதும் துரு. நல்ல டிஸ்க்கில் பேட் உரசும் பரப்பு கண்ணாடி மாதிரி மின்னாது, கிரைண்டிங் கல் ஓடிய மெல்லிய கோடுகளோடு மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். பேட் படாத உள்விளிம்பில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார், மரத்தைச் சீவுவது மாதிரி தூள் உதிர்ந்தது. என் பழைய டிஸ்க்கில் இழுத்தபோது அரம் கடித்தது, ஆனால் முரண்டு பிடித்தது. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும் அந்த வித்தியாசம். இந்த மென்மையால்தான் 800 கிலோமீட்டரில் கிராமபோன் தட்டு மாதிரி கோடு விழுந்திருந்தது.

துளைகளின் ஓரத்தில் பிசிறு கூட எடுக்கவில்லை. ஒரு நைலான் துணியை மேலே இழுத்துப் பாருங்கள், மாட்டினால் அது உங்கள் பேட்டைச் சீவிக்கொண்டேதான் இருக்கும். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது. நடு ஓட்டையும் ஹப்பில் கச்சிதமாக உட்காராமல் போல்ட் பலத்தில் மட்டும் நின்றிருக்கிறது. லேத்தில் சீவி நேராக்கலாமா என்று கேட்டேன். 4 மில்லிமீட்டர் தகட்டில் சீவ என்ன இருக்கிறது, "சவத்தைத் தூக்கி ஆக்கர்ல (பழைய இரும்புக் கடையில்) போடு" என்றார்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றால் அது இருக்கும். பல வண்டிகளில் சென்சார் படிக்கும் பல் வளையம் டிஸ்க்கோடு சேர்ந்தே நிற்கிறது. டிஸ்க் ஆடினால் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியும் ஆடும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "பிட் பண்ணின ஐட்டம் எடுக்க மாட்டோம்." அளவுகளைச் சொன்னேன். நீங்கள் வண்டியை ரோட்டுப் பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள் என்றார். பில் கேட்டிருந்தேனா? ஒரு துண்டுச் சீட்டில் 'டிஸ்க் 700' என்று எழுதித் தந்திருந்தார், கடைப் பெயர்கூட இல்லை. பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, மாதம் வருடம், அதிகபட்ச சில்லறை விலை எதுவும் கிடையாது. பாக்கெட் சாமானில் இவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கும்போதே அதைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையம் நாகர்கோவிலிலேயே இருக்கிறது, 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடலாம், 1915-க்கு போன் செய்தும் புகார் சொல்லலாம். எல்லாம் சரி, துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் வாங்கியதாக நிரூபிப்பேன்?

விலை குறைந்தது எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. பிரேக் செய்கிற கம்பெனிகளே தங்கள் பெயரில் வெளியே விற்கும் டிஸ்க் உண்டு. அப்படி ஒன்றை 1,450 ரூபாய்க்கு, ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு வேறொரு கடையில் வாங்கினேன். "லேத்தில் அளந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன், சரியில்லை என்றால் திருப்பித் தருவேன்" என்று முதலிலேயே சொன்னேன். கடைக்காரர் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார், அப்புறம் பில்லின் பின்பக்கம் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமா எட்டு இடத்தில் பிடித்தார். 4.01, 4.01, 4.00... மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "கொள்ளாம், போய் மாட்டு" என்றார்.