சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவு: பாட்டா, ஐஸா, தலையணையா, டென்ஸ் கருவியா?

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலையில் "நோவு எப்பிடி அம்மா?" என்று கேட்டால் திருகோணமலை வார்டுகளில் அடிக்கடி வருகிற பதில் இதுதான்: "படுத்திருந்தா ஒண்டுமில்ல மிஸ், எழும்பினாத்தான் உயிர் போகுது." இந்த ஒரு வரிக்குள் இரண்டு நோவு இருக்கிறது. சும்மா கிடக்கும்போது காயத்துக்குள் விண்விண்ணென்று நிற்பது ஒன்று. இருமும்போதும் புரளும்போதும் கட்டிலை விட்டு இறங்கும்போதும் இழுத்துப் பிடிப்பது மற்றொன்று. மருந்தில்லாத முறைகளை ஒப்பிடும்போது பலரும் இந்த இடத்தில்தான் பிழைவிடுகிறார்கள். ஓய்வு நோவைத் தணிக்கிற முறையை இருமல் நோவுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதொண்டும் வேலை செய்யாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வருகிற எதுவும் மாத்திரைக்குப் பதிலாக வருவதில்லை, மாத்திரையோடு சேர்ந்தே வருகிறது. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஈரல் நோய் இல்லாத பெரியவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேல் போகாமல் என்பதுதான் வழமையான அளவு. டொக்டர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அவர் எழுதியதே சரி. அதை நேரத்துக்குப் போட்டால் பாட்டும் ஐஸும் நன்றாக வேலை செய்யும். நோவு உச்சிக்கு ஏறிய பிறகு தொடங்கினால் எந்த முறையும் தோற்கும்.

அளந்து பார்க்க ஒரு துண்டுக் கடதாசி போதும். 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகப் பெரிய நோவு. படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று இரண்டு எண்களை எழுதுங்கள். ஒரு முறையைச் செய்து அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் கேளுங்கள். 2 எண் இறங்கினால் அது உண்மையான இறக்கம். எந்த எண் இறங்கியது என்பதையும் கவனியுங்கள், அடுத்த தடவை எதைக் கையிலெடுப்பது என்று அதுவே சொல்லும்.

பாட்டு

ஓய்வு நோவுக்கும் பயத்துக்கும் எங்கள் முதல் தெரிவு பாட்டுத்தான். இதற்கு ஆதாரமும் கனமாக இருக்கிறது. 2015இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வு 73 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் ஏறக்குறைய 7000 நோயாளிகள். பாட்டுக் கேட்டவர்களுக்கு நோவும் பதற்றமும் குறைந்தன, நோவு மருந்தின் தேவையும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. முழு மயக்கத்தில் இருந்தபோது கேட்டவர்களுக்குக்கூடப் பலன் தெரிந்தது.

செய்கிற விதம் முக்கியம். நோயாளிக்குப் பிடித்த பாட்டாக இருக்க வேண்டும். மகன் தனக்குப் பிடித்ததைப் போட்டு அப்பாவின் காதில் மாட்டிவிடுவதால் பலனில்லை. வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 செக்கனுக்குத் தாளம் போடுங்கள். 15இலிருந்து 20 தட்டுக்குள் வந்தால் சரி. திடீரென்று உச்சத்துக்கு ஏறுகிற பாட்டு வேண்டாம். கோயில் திருவிழாவில் உருக வைக்கிற நாதஸ்வரமும் தவிலும் வெட்டுக்காயத்தோடு கிடப்பவருக்கு உடம்பை இறுக்கிவிடலாம். சத்தம், பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவதற்குக் கீழே இருக்கட்டும். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது. காயம் கட்ட வருகிற நாளென்றால் அதற்கு 20 நிமிடம் முன்பே தொடங்குங்கள்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். யூடியூப்பில் போட்டால் மெதுவான பாட்டுக்கு நடுவே விளம்பரம் அலறும், நோயாளி துள்ளிவிடுவார், தையல் இழுபடும். அதனால் முதலே இறக்கி வைத்துவிட்டு ஃபோனை விமானப் பயண நிலையில் விடுங்கள். இரண்டு காதையும் அடைக்க வேண்டாம். மிஸ் (தாதி) கூப்பிடுவது கேட்க வேண்டும். ஒரு காது திறந்திருக்கட்டும். செத்த வீட்டையோ பிரிந்தவரையோ நினைவூட்டும் பாட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் பகுதியில் இதைக் கேட்காமல் விடவே கூடாது, ஏனென்றால் சில பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் முழு இழப்பும் இருக்கும்.

இந்த ராகம் தலைவலிக்கு, அந்த ராகம் முழங்காலுக்கு என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பித் தெரிவு செய்ய வேண்டியதில்லை. நீலாம்பரி தாலாட்டுக்கு உகந்த ராகம். கேட்டு வளர்ந்தவருக்கு அது இதமாக இருக்கும். அதுவே அறியாதவருக்கு மற்ற ராகங்களைப் போல இன்னொன்று.

தேவாரம், குர்ஆன் ஓதல், தேவாலயப் பாடல் இவற்றைப் பாட்டோடு ஒப்பிட்டால்? வேகமும் சத்தமும் மேலே சொன்ன எல்லைக்குள் இருந்தால், நம்பிக்கை உள்ளவருக்கு இவை சினிமாப் பாட்டை விட நன்றாகவே பிடித்து நிற்கும். பழகிய வரிகள், அடுத்து என்ன வரும் என்று தெரியும், கூடவே உதடும் அசையும். ஓதும்போது மூச்சு நீண்டு வெளியே போவது மேலதிக லாபம்.

மூச்சு

பாட்டுக்கு ஃபோன் வேண்டும், மூச்சுக்கு ஒன்றும் வேண்டாம். மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை வெளியே; நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும். ஊசி குத்தும்போதும் குழாய் இழுக்கும்போதும் பாட்டை விட மூச்சுத்தான் கைகொடுக்கும், அந்த நொடியிலேயே தொடங்கலாம். தலை சுற்றினாலோ விரல் நுனி விறைத்தாலோ அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், ஆழத்தைக் குறையுங்கள். நீண்ட இரவுக்கு மூச்சு மட்டும் போதாது, எண்ணிக்கொண்டிருக்க அலுத்துவிடும். அந்த இடத்தில் பாட்டு வெல்லும்.

ஐஸும் சூடும்

முழங்கால், கணுக்கால், தோள், கை: வீங்குகிற இடத்தில் ஐஸ் பாட்டை விடப் பலமானது. சீசர் காயத்துக்கும் குடலிறக்கக் காயத்துக்கும்கூட உதவும். ஆனால் தவறாக வைத்தால் தோலைச் சுட்டுவிடுகிற முறையும் இதுதான்.

கடையில் விற்கும் ஜெல் பையை ஃப்ரீஸரில் இருந்து எடுத்ததும் அது 0 பாகைக்கு நன்றாகக் கீழே இருக்கும். உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த பை 0 பாகையை விட்டுக் கீழே போகாது, அதனால் அதுவே பாதுகாப்பு. ஐஸ் கட்டிகளைத் துவாயில் சுற்றி அம்மிக் குழவியால் நொறுக்குங்கள். இரண்டு கப் ஐஸுக்கு ஒரு கப் தண்ணீர் என்று தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். அதை இன்னொரு பைக்குள் இறக்கி மறுபடி முடியுங்கள். காற்று மிஞ்சினால் பை உப்பி, காயத்தின் வளைவுக்குப் படியாது. மெல்லிய பருத்தித் துணியால் ஒரு சுற்று. 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள், குறைந்தது இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். 5 நிமிடத்தில் ஒரு தடவை துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள்: இளஞ்சிவப்பு சரி, வெள்ளையாகவோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

மீன்பெட்டி ஐஸ் வேண்டாம். அது சுத்தமில்லை, உப்புக் கலந்திருந்தால் 0 பாகைக்குக் கீழேயும் போகும். கச்சான் காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டெம்பர் வரை நம்மூர் வெக்கையில் பையின் வெளிப்புறம் வியர்த்து, கட்டுத்துணி நனைந்துவிடும். நனைந்த கட்டு கிருமிக்கு வழி. கட்டின் மேல் உலர்ந்த பொலித்தீன் தாளை விரித்த பிறகே பையை வையுங்கள்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போன காலுக்கு உணர்வு முழுதும் திரும்பும்வரை ஐஸ் கூடாது, சுட்டாலும் தெரியாது. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவருக்கும் கால் இரத்தோட்டம் குறைந்தவருக்கும் கூடாது.

சூடு இதற்கு நேரெதிர். புதுக் காயத்துக்கு மேல் சூடு வைத்தால் வீக்கமும் கசிவும் கூடும். படுத்தே கிடந்து பிடித்துக்கொண்ட முதுகுக்கும் கழுத்துக்கும் மட்டும் இளஞ்சூட்டு ஒத்தடம் நல்லது. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போய் வார்த்தால் நோவு பறக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். தையல் வெட்டிக் காயம் முழுதாக மூடி, கிளினிக்கில் சரி சொல்லும்வரை அந்தப் பயணத்தை ஒத்திவையுங்கள்.

அசைவு நோவுக்குத் தலையணையும் டென்ஸும்

வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பாட்டும் ஐஸும் இருமலுக்கு முன் நிற்காது. அங்கே ராஜா தலையணைதான். இல்லையென்றால் நான்காய் மடித்த சாரம். காயத்தின் மேல் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உறுதியாக அணைத்துக்கொண்டு இருமுங்கள். வெட்டின் இரண்டு ஓரமும் விலகி இழுபடாமல் தடுப்பதால்தான் நோவு குறைகிறது. நோவுக்குப் பயந்து இருமாமல் சளியை உள்ளே தேக்குவது நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் முடியலாம், ஆகவே இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

எழும்புகிற முறையும் இதோடு சேர்ந்தது. நேராக எழும்பி உட்காரக் கூடாது. முதலில் இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்குற்றி உருள்வது போலப் பக்கவாட்டில் திரும்புங்கள். கால்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டபடி, கீழ் முழங்கையையும் மேல் கையையும் ஊன்றித் தள்ளி எழும்புங்கள். கால் இறங்கும் பாரமே உடம்பை நிமிர்த்திவிடும், வயிற்றுத் தசை இறுகத் தேவையில்லை. உதவிக்கு வருகிறவர் கையைப் பிடித்து இழுக்காமல், தோளுக்குப் பின்னால் கை கொடுக்க வேண்டும்.

டென்ஸ் என்பது பற்றரியில் இயங்கி, ஒட்டும் பட்டைகள் வழியாகத் தோலுக்கு மெல்லிய மின் துடிப்பு அனுப்பும் சின்னக் கருவி. நோவை ஆராய்ந்த மெல்சாக்கும் வோலும் 1965இல் முன்வைத்த வாயிற்கதவுக் கோட்பாடுதான் இதன் அடி: தொடுகை உணர்வு முந்திப் போனால் முள்ளந்தண்டில் நோவின் வழி ஒடுங்குகிறது. முட்டிய இடத்தை நாமாகவே தேய்ப்பதும் அதனால்தான். 2003இல் வந்த, 21 பரிசோதனைகளை அலசிய ஆய்வு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. மின் துடிப்பைப் போதிய பலத்தோடு கொடுத்த பரிசோதனைகளில் நோவு மருந்துத் தேவை சராசரி 35.5 சதவீதம் குறைந்தது. பலம் போதியதென்று உறுதியாகாதவற்றில் வெறும் 4.1. ஆக, பயந்து மெல்லிசாக வைத்தால் கருவி வாங்கிய காசு வீண்.

பட்டைகளை வெட்டின் இரண்டு பக்கமும் 2 முதல் 5 சென்டிமீற்றர் தள்ளி, நல்ல தோலில் ஒட்டுங்கள். துடிப்பு 80 முதல் 100 ஹேர்ட்ஸ். பலத்தை நோகாத அளவுக்குப் பலமான கூச்சம் வரும்வரை ஏற்றுங்கள். சில நிமிடத்தில் பழகிக் குறைந்தது போலத் தோன்றும், அப்போது இன்னொரு படி ஏற்றுங்கள். 30 முதல் 40 நிமிடம். நடக்கப் போவதற்கு முன் தொடங்கி, நடக்கும்போதும் போட்டிருப்பது நல்லது. வியர்வையில் பட்டையின் ஓரம் கிளம்பினால் மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து சுரீரென்று குத்தும். நிறுத்தி, தோலைத் துடைத்து உலர்த்தி ஒட்டுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு டென்ஸ் கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும் மரத்த தோலிலும் ஒட்டக் கூடாது. முதல் தடவை இயன்மருத்துவர் முன்னால் செய்து பழகுங்கள்.

இரண்டில் ஒன்று என்றால்? முதல் மூன்று நாளுக்குத் தலையணையே போதும். முழங்கால் மாற்றியவர் போல வாரக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டியவருக்கு டென்ஸ் வாங்குவதில் நியாயம் உண்டு.

துளை வழியாகப் பித்தப்பை எடுத்தவருக்குத் தோளில் நோவு வருவது தனிக்கதை. வயிற்றை உப்பவைத்த காபனீரொட்சைட்டு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. தோளுக்கு எத்தனை பாம் பூசினாலும் ஆறாது. எழும்பி மெதுவாக நடப்பதுதான் வழி. ஓரிரு நாளில் அடங்கும். நெஞ்சு இறுக்கம் அல்லது மூச்சுத் திணறலோடு வந்தால் மட்டும் அதை வாயு என்று விட்டுவிடாதீர்கள்.

கை கால் பிடித்துவிடுவது

ஒவ்வொரு கைக்கும் பாதத்துக்கும் 5 நிமிடம், எல்லாமாக 20 நிமிடம். கொஞ்சம் தேங்காயெண்ணெய், பெருவிரலால் மெதுவான நீண்ட அழுத்தம். பயத்துக்கு இது பாட்டுக்குச் சமம். பாட்டைப் பிடிக்காத, தனிமைக்கு அஞ்சுகிற வயதானவருக்கு இதுவே மேல். கெண்டைக்காலை மட்டும் தொடாதீர்கள். அங்கே இரத்தம் கட்டியிருந்தால் பிசைவதில் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். யன்னல் ஓரக் கட்டில் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். பித்தப்பை எடுத்தவர்களில் மரங்களைப் பார்த்துக் கிடந்த 23 பேருக்கு, செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்த 23 பேரை விடக் கடும் நோவு மருந்து குறைவாகவே தேவைப்பட்டது என்று 1984இல் உல்ரிக் என்ற ஆய்வாளர் எழுதினார்.

எந்த முறையையும் நிறுத்திவிட்டு உதவி கூப்பிட வேண்டிய நேரங்கள் உண்டு. இறங்கிவந்த நோவு திடீரென ஏறினால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், காயத்தில் சீழ் வைத்தால், வயிறு பலகை போல இறுகினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், மாவுக்கட்டுக்குள் விரலை நிமிர்த்தும்போது தாங்க முடியாமல் நொந்தால், பாட்டைக் கூட்டி வைத்துப் பொறுக்க வேண்டாம். வார்டில் என்றால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். வீட்டில் மூச்சுத் திணறினால் 1990க்கு அடியுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, வண்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் பழக நல்ல நேரம் சத்திரசிகிச்சைக்கு முந்தின மாலை. மயக்கம் தெளியாத கண்ணோடு யாரும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். குற்றி உருள்வது போல எழும்புவதை வீட்டுக் கட்டிலில் ஐந்து தடவை செய்து பாருங்கள், 4-6 மூச்சை ஐந்து நிமிடம் எண்ணுங்கள், ஒரு மணித்தியாலப் பாட்டை ஃபோனில் இறக்குங்கள். ஆஸ்பத்திரிப் பைக்குள் ஒரு சின்னத் தலையணை, கூடுதலாக ஒரு சாரம், வயர் வைத்த ஹெட்போன், சார்ஜர். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் பிளக் இருக்காது, நிரப்பிய பவர் பேங்க் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.