முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய அரண்மனை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போன கடையின் பெயரைச் சொல்லவில்லை, குறையும் சொல்லப் போகிறேன். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வாங்கத்தான் போனேன். வாங்கினேன். விரிசல் இல்லை, விலையும் பரவாயில்லை.

வினை சுவரில் தொங்கியது. எனாமல் தூக்குகளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அரண்மனை; வெங்காயம் போலக் குமிழ் வைத்த கோபுரங்கள். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவளுக்குப் பார்த்ததும் தெரியாதா? லண்டன் பக்கம் தேம்ஸ் கரை ரிச்மண்ட் அரண்மனை, ஹோலர் என்ற ஓவியர் 1638-இல் செப்புத் தகட்டில் செதுக்கிய படம். "லண்டன்லேர்ந்து வந்தது ஆச்சி, முந்நூறு வருஷப் படம்" என்றார் கடைக்காரர். 4,000 சொன்னார், 1,500-க்கு முடித்தேன்.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடெல்லாம் புள்ளி புள்ளியாக உடைகிறது. செப்புத் தகட்டில் அச்சடித்திருந்தால் கோடு கோடாகவே இருக்கும், ஓரத்தில் தகடு அழுந்திய தடமும் தெரியும். இது ஏதோ புத்தகத்தில் கிழித்த பக்கம். சட்டம் பர்மா தேக்கு என்பதால் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சம் முடிந்த வீடு அந்த ரிச்மண்ட். 1497 கிறிஸ்துமஸ் சமயம் அங்கிருந்த பழைய அரண்மனை எரிந்துபோக, ஏழாம் ஹென்றி புதிதாகக் கட்டி, ரிச்மண்ட் பிரபு என்ற தன் பழைய பட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தான். 1509-இல் அங்கேயே இறந்தான். பேத்தி முதலாம் எலிசபெத் ராணி இறந்ததும் அங்கேதான். கட்டிலில் படுக்கமாட்டேன் என்று நாள் கணக்கில் தரையில் திண்டுகளைப் போட்டுக் கிடந்தாள். பட்டாபிஷேக மோதிரம் விரல் சதைக்குள் புதைந்துபோய், அறுத்துத்தான் எடுத்தார்கள். 1603 மார்ச் 24 விடியுமுன் போய்விட்டாள், வயது 69. பிள்ளை இல்லை, நம் பக்கம் மாதிரிப் பிள்ளை கூட்டிக்கொள்ளவும் (தத்தெடுக்கவும்) இல்லை. ராபர்ட் கேரி என்ற அரசவைக்காரர் குதிரையேறி மூன்றாம் நாள் இரவு ஸ்காட்லாந்தின் எடின்பரோ போய்ச் சேதி சொல்ல, பட்டம் அங்கே ராஜாவாக இருந்த ஜேம்ஸுக்குப் போனது.

1649-இல் ராஜா முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டியபின் பாராளுமன்றம் அரண்மனையை விலைபேசியது. அதற்கு முன் ஆளனுப்பி அறை அறையாக அளந்து எழுதியது: பெரிய கூடம் 100 அடிக்கு 40 அடி, ராஜா இருப்பிடத்தில் 14 கோபுரம். அப்புறம்தான் கல் கல்லாகப் பிரித்தார்கள். வாசல் கட்டும் இன்னும் கொஞ்சமும் மிச்சம். ஆனாலும் வீடு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

என் பெரிய குறை இதுதான். கடையின் பின்கட்டில் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் அடுக்கு, கஜலட்சுமி செதுக்கிய ஒரு நிலை. நிலையின் ஆணியில் தோரணம் கட்டிய நூல் இன்னும் தொங்குகிறது. "எந்த ஊரு வீடுப்பா?" என்றேன். "பள்ளத்தூர்ப் பக்கம்... இல்ல, கோட்டையூரா இருக்கும். பங்காளிகளுக்குள்ள ஒத்துவரல, பிரிச்சிட்டாங்க." ஒரு நோட்டில் எழுதி வைக்கக்கூடாதா என்றால், "யாரு ஆச்சி கேக்குறா?" என்கிறார். நான் கேட்டேனே!

கடைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண். ஜாடி, தூக்கு வாங்க நம்பிப் போகலாம். காலையிலேயே போங்கள், உள்ளே மின்விசிறி கிடையாது. படம் வாங்குவதானால் லென்ஸையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.