அசிஸ்ட் படிவம்: என்.சி.டி. அறையில் வைத்துப் பார்த்த மதிப்பீடு

குடி, புகையிலை, போதைப் பழக்கம் பற்றி நோயாளியிடம் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய படிவத்தின் பெயர் அசிஸ்ட். பயிற்சி வகுப்பில் ஒரு தடவை காட்டுவார்கள், அதோடு சரி; எங்களில் பலர் அதை மறுபடி தொடுவதில்லை. நான் டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் என்.சி.டி., அதாவது தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர். பி.பி.யும் சுகரும் பார்க்க வருகிறவர்களிடம் இந்தப் படிவத்தை வைத்துத்தான் பேசுகிறேன். நல்ல கருவி, காசு கிடையாது, இணையத்தில் இறக்கி நகல் எடுத்துக்கொள்ளலாம். அச்சடித்திருக்கிறபடியே கடகடவென்று வாசித்தால் மட்டும் பாதிப் பலன்தான் கிடைக்கும். அந்த மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மொத்தம் 8 கேள்விகள். முதல் கேள்வி, வாழ்நாளில் எதையெல்லாம் தொட்டிருக்கிறீர்கள் என்பது. புகையிலை, மது, கஞ்சா தொடங்கி தூக்க மாத்திரை, முகர்ந்து போதையேற்றும் பொருள்கள், ஓபியம் வகை வரை வரிசையாக இருக்கும். 'ஆம்' என்று சொன்ன பொருளுக்கு மட்டும் மேலே கேட்டுக்கொண்டே போக வேண்டும்: கடந்த 3 மாதத்தில் எத்தனை முறை, அடக்க முடியாத ஆசை வந்ததா, உடம்பிலோ குடும்பத்திலோ பணத்திலோ பிரச்சினை வந்ததா, செய்ய வேண்டிய வேலை கெட்டதா, வீட்டார் கவலைப்பட்டார்களா, குறைக்கப் பார்த்து முடியாமல் போனதா. கடைசிக் கேள்வி ஊசி மூலம் போட்டுக்கொண்டதுண்டா என்பது. அதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் பதில் 'ஆம்' என்றால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். ஒன்றிரண்டு பொருள் மட்டும் பயன்படுத்துகிறவரிடம் கேட்டு முடிக்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். வெளியே வரிசை நிற்கும்போது பத்து நிமிடம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

அப்படியும் ஏன் கேட்க வேண்டும்? எங்கள் அறையில் மாத்திரை வேலை செய்யாததற்கான காரணம் பல சமயம் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. அம்லோடிபைனைக் கூட்டிக்கொண்டே போவோம், பி.பி. இறங்காது. தொடர்ந்து குடிப்பது பி.பி.யை ஏற்றும் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் குடிக்கிறாரா என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுகருக்கு கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மயங்கிக் கிடப்பவரைப் பார்த்து 'போதையில் தூங்குகிறார்' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கல்லீரல் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கும், அதன் மேல் குடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஊரில் வீடு வீடாகப் போய் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் பட்டியலிலும் இந்த விஷயம் இருக்கிறது. புகையிலைக்கு மூன்று படி: இல்லை, முன்பு உண்டு அல்லது எப்போதாவது, தினமும். மதுவுக்கு ஒரே கேள்வி: தினமும் குடிப்பீர்களா? சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு ஆஃப் பாட்டிலைக் காலி செய்கிறவர் அதற்கு 'இல்லை' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் பூஜ்யம். அப்படித் தப்பியவர்கள்தான் எங்கள் அறைக்கு வரும்போது அசிஸ்டில் சிக்குகிறார்கள். கடந்த 3 மாதம் என்று கேட்பதும், தினமும், வாரந்தோறும், மாதந்தோறும், ஓரிரு முறை என்று பதிலைப் பிரித்து வைத்திருப்பதும் இதன் பெரிய பலம்.

படிவத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஏழாம் கேள்வி. குறைக்கவோ நிறுத்தவோ முயன்று முடியாமல் போனதுண்டா? இதை இப்படியே கேட்டால் எங்கள் ஊர் ஆண்கள் 'அதெல்லாம் இல்லை சிஸ்டர்' என்று விடுவார்கள். கோயிலில் கயிறு கட்டினீர்களா அண்ணே, மாலை போட்டீர்களா என்று கேளுங்கள், முகம் மாறும். 'போன ஆடியில கட்டினேன், ஒரு மாசம் தாங்கல' என்று பதில் வரும். ஒரு கொத்தனாரின் கணக்கைச் சொல்கிறேன். குடி வாரந்தோறும், அதற்கு 4. ஆசை வாரந்தோறும், 5. பணப் பிரச்சினை மாதந்தோறும், 5. வேலைக்குப் போகாமல் விட்டது ஓரிரு முறை, 5. மனைவி கவலைப்பட்டது இந்த 3 மாதத்துக்குள், 6. கூட்டினால் 25. மதுவுக்கு 11 முதல் 26 வரை நடுத்தர ஆபத்து, 27ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. 25 என்றால் அந்த நாற்காலியிலேயே பேசி அனுப்பிவிடலாம். கயிற்றைப் பற்றிக் கேட்டதும் இன்னொரு 3 சேர்ந்து 28 ஆகிவிட்டது. அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய ஆள் அவர். ஒரு கேள்வியை ஊர் வழக்கம் தெரிந்து கேட்டதால் வந்த வித்தியாசம் இது. தமிழ்நாட்டுக்கென்று படிவத்தை அச்சடிக்கிறவர்கள் ஏழாம் கேள்வியின் அடியில் கயிறு, மாலை, சத்தியம் மூன்றையும் உதாரணமாகப் போட வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி குறைகள். முதல் குறை, அசிஸ்ட் எவ்வளவு என்று கேட்பதில்லை, எத்தனை முறை என்றுதான் கேட்கும். வாரம் ஒரு பீர் குடிக்கிறவருக்கும் வாரம் ஒரு ஃபுல் குடிக்கிறவருக்கும் இரண்டாம் கேள்வியில் ஒரே 4தான். அதனால் மதுவுக்கு மட்டும் ஆடிட் படிவத்தின் முதல் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறேன். ஆடிட்டும் உலக சுகாதார நிறுவனத்தினுடையதுதான். 10 கேள்விகள், 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும். அதன் மூன்றாம் கேள்வி, ஒரே அமர்வில் 6 அளவு அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை முறை என்று கேட்கும். ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால். 180 மில்லி குவாட்டரில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம், அதாவது ஒரு குவாட்டரே 6 அளவு. 'நான் ஒரு குவாட்டருக்கு மேல போகமாட்டேன்' என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவேன். புத்திமதியைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

இரண்டாவது, பொருள்களின் பெயர்கள். படிவத்தில் இருக்கும் உதாரணங்கள் பல வெளிநாட்டுச் சரக்கு. எங்கள் பையன்களிடம் கூல் லிப், ஹான்ஸ், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், நைட்ரவெட் தூக்க மாத்திரை, டேப்பன்டடால் வலி மாத்திரை என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பையனுக்கு அது 'போதைப்பொருள்' பட்டியலில் வரும் என்ற நினைப்பே இருக்காது.

புகையிலையைப் பொறுத்தவரை படிவத்தைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் பயன்படுத்துகிறவருக்கு இரண்டாம் கேள்வியிலேயே 6 விழுந்துவிடும். 4 வந்தாலே நடுத்தர ஆபத்து என்பதால் தினப் பழக்கம் உள்ள ஒருவர்கூட தப்ப முடியாது. தப்புவது கேட்கிறவரின் கண்ணிலிருந்துதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போட்டு மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்ததும் அந்தப் பகுதியைக் கேட்காமலே கோடு போட்டுத் தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2016-17ல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், மருத்துவரிடம் போன புகைபிடிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 'விட்டுவிடுங்கள்' என்ற அறிவுரை கிடைத்திருந்தது. மெல்லும் புகையிலைக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. நான் 'வெற்றிலை போடுவீங்களாம்மா' என்று தொடங்கி, பிறகு 'புகையிலை சேர்த்தா' என்று கேட்டு, அப்படியே வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தும் பார்த்துவிடுவேன். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்தால் அன்றே பல் மருத்துவரிடம்.

தனிமை இல்லாமல் இந்தப் படிவத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். மனைவி பக்கத்தில் நின்றால் கணவர் குடிப்பதில்லை, அம்மா நின்றால் மகன் எதையும் தொட்டதே இல்லை. சில சமயம் நேர்மாறாக, கேள்வி முடியும் முன் மனைவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், அவர் தலையைக் குனிந்துகொண்டு அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார். மாத்திரை வாங்கும் வரிசைக்கு உடன் வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் தாளை எடுப்பேன். படிவத்தின் தொடக்கத்தில் ஒரு முன்னுரை இருக்கிறது: சொல்வது இரகசியமாக வைக்கப்படும், மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி சாப்பிடும் மருந்துகளை இதில் சேர்க்க மாட்டோம் என்று. பலர் தாண்டிவிடுகிற அந்தப் பகுதியை நான் வார்த்தை விடாமல் சொல்வேன். 'எல்லாரிடமும் கேட்கிறோம் ஐயா, உங்களை மட்டும் இல்லை' என்பதையும் சேர்த்துச் சொல்வேன். சட்டை அழுக்கையும் தெருப் பெயரையும் பார்த்துக் கேட்கிற இடத்தில் இரகசியம் என்ற பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும் இதே 8 கேள்விகள்தான்.

மதிப்பெண்ணை நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. படிவத்தோடு ஒரு அட்டை வரும், ஒவ்வொரு பொருளுக்கும் அவருடைய எண், அதனால் வரக்கூடிய கேடுகள் எல்லாம் அதில் இருக்கும். அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்து, 'இந்த எண்ணைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது' என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த இடம்தான் செவிலியர்களுக்குக் கஷ்டம், எல்லாருக்கும் அறிவுரை நுனி நாக்கில் நிற்கும். ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா, அமெரிக்கா நான்கு நாடுகளில் செய்த ஆய்வில், இப்படி அசிஸ்ட் மதிப்பெண்ணை வைத்துச் சில நிமிடம் பேசியதற்கே 3 மாதம் கழித்து, மொத்தமாகப் பார்க்கையில், போதைப்பொருள் பழக்கம் குறைந்திருந்தது. வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று அட்டையை மேசையிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு. வற்புறுத்துவதில்லை.

மதுவில் 27ஐத் தொட்டவர்களிடம் ஒரு எச்சரிக்கை வேண்டும். நாள் முழுக்கக் குடித்துப் பழகியவரிடம் 'இன்றே நிறுத்திவிடுங்கள்' என்று சொல்லி அனுப்புவது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலைக்குப் போகலாம், உயிரும் போகலாம். கார்த்திகை பிறந்து மாலை போட்ட கையோடு இப்படி வந்து விழுகிறவர்கள் உண்டு. விரதத்தின் மேல் மரியாதை வைத்துத்தான் சொல்கிறேன்: மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்தால் டையஸெபாம் வகை மாத்திரையும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். அறுவை சிகிச்சைக்குச் சேர்பவர்களிடமும் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பிதற்றும்போது தேடுவதைவிட, சேரும் நாளில் கேட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? கேஜ் என்று 4 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடத்தில் முடியும், ஆனால் முற்றியவர்களைத்தான் பிடிக்கும், அதுவும் குடிக்கு மட்டும். ஃபேகர்ஸ்ட்ராம் சோதனை பீடி, சிகரெட்காரர்களுக்கு நல்லது. எழுந்து 5 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 3 மதிப்பெண், அடிமைத்தனம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். 'இரத்தத்தில் பார்த்தால் போதாதா' என்று சில டாக்டர்களே கேட்கிறார்கள். ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி ஏறியிருப்பதற்குக் குடியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு, மூச்சில் வரும் ஆல்கஹால் சில மணி நேரத்தில் போய்விடும், சிறுநீரில் கஞ்சா தெரிவது அதைப் பயன்படுத்தியதைக் காட்டுமே தவிர அது அவர் வாழ்க்கையை என்ன செய்திருக்கிறது என்று சொல்லாது. இதை எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்க இதில் விலை இல்லை, பயன்படுத்தலாமா என்றால் தாராளமாக. நேரமே இல்லாத ஓ.பி.யில் முதல் இரண்டு கேள்விகளை எல்லாரிடமும் கேட்டு, 'ஆம்' வந்தவர்களை மட்டும் தனியாக உட்கார வையுங்கள். பதில் தேர்வுகள் உள்ள அட்டையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து லேமினேஷன் செய்துகொள்ளுங்கள்; கண்ணாடி கொண்டு வராதவர்கள்தான் அதிகம். அதன் பின்பக்கம் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: புகையிலையை விட 1800-11-2356, போதைப் பழக்கத்துக்கு 14446, மனநல உதவிக்கு 14416. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி. எந்தெந்தக் கிழமை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 28 வாங்கியவரை 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று மொட்டையாக அனுப்பினால் அவர் பஸ் ஏற மாட்டார்.