வேர்டில் ஜூம் அமைப்பு: புது கோப்பு கேட்கிறது, வந்த கோப்பு கேட்பதில்லை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லேப்டாப்புக்குப் புது எஸ்.எஸ்.டி (டிஸ்க்) போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். வேலை சுத்தம். ஆனால் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வேர்ட் அமைப்புகள் பழைய டிஸ்க்கோடு போய்விட்டன. மறுபடி ஒவ்வொன்றாக அமைத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஸ்ரீராம்புரத்தில் டி.டி.பி. (கணினியில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு) செய்யும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அக்கா, புது ஃபைல் திறந்தா நான் வெச்ச ஜூம் வருது. கஸ்டமர் அனுப்புற ஃபைல்ல மட்டும் வர மாட்டேங்குது, என்ன பண்றது?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஜூம், அதாவது கோப்பு திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது, ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் தமிழில் புரூஃப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினான்கு அங்குலத் திரையில், 100 சதவீதத்தில், 11 புள்ளி எழுத்தில் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்துப் பாருங்கள். 'கொடு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கோடு' இருக்கும், 'மேல்' இருக்க வேண்டிய இடத்தில் 'மெல்' இருக்கும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடாது. கண்தான் பிடிக்க வேண்டும். மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளியும் அப்படித்தான், சின்ன அளவில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கரைந்துவிடும். எனக்கு 150 சதவீதத்துக்குக் கீழே வேலை ஓடாது. ஆங்கிலம் படிப்பவருக்கு இது வசதி. நமக்கு இது வேலையின் தரம்.

புது கோப்புக்கு வழி எளிது. வேர்ட் ஒவ்வொரு வெற்றுக் கோப்பையும் நார்மல்.டாட்எம் என்ற வார்ப்புருவிலிருந்துதான் (டெம்ப்ளேட், அதாவது மாதிரிக் கோப்பு) எடுக்கிறது. அது ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்ற ஃபோல்டர் வரிசையில் இருக்கும். அதை இருமுறை தட்டினால் அதன் நகலாக ஒரு புது கோப்புதான் திறக்கும். ரைட் கிளிக் செய்து 'ஓபன்' கொடுத்தால்தான் வார்ப்புருவே திறக்கும். ஜூமை மாற்றுங்கள். உடனே மூடிவிடாதீர்கள். ஜூமை மட்டும் மாற்றினால் வேர்ட் அதை ஒரு மாற்றமாகவே எண்ணாது, சேமிக்கவா என்றுகூடக் கேட்காது. ஒரு ஸ்பேஸ் தட்டி, அதை அழித்து, அப்புறம் சேமியுங்கள். அவ்வளவுதான்.

தம்பி கேட்டது இதற்கு அடுத்த கட்டம், எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான். வேர்ட் ஜூம் அளவை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதி வைக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு வேர்ட் (டாக்எக்ஸ்) கோப்பை நகலெடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'வேர்ட்' ஃபோல்டரில் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல் இருக்கும். அதில் 'ஜூம்' என்று ஒரு வரி, பக்கத்திலேயே சதவீதம். கோப்பை அனுப்பியவர் பெரிய மானிட்டரில் 70 சதவீதத்தில் வைத்துச் சேமித்திருந்தால், என் சின்னத் திரையிலும் 70 சதவீதத்தில்தான் திறக்கும். அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி என்று சொல்வது போல இருக்கிறது. திரை என்னுடையது, கண் என்னுடையது, அளவு மட்டும் வேறு யாருடையதோ! இதை மாற்ற ஆப்ஷன்ஸில் ஒரு டிக் பெட்டிகூட இல்லை.

மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் தானாக ஓடும் சின்ன நிரல், ஒன்றுதான் வழி. ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தி, இடது பக்கத்தில் நார்மலைத் தேர்ந்து, ஒரு மாட்யூல் சேர்த்து, அதற்குள் ஆட்டோஓபன் என்ற பெயரில் ஒரே ஒரு வரி: ஆக்டிவ்விண்டோ.வியூ.ஜூம்.பர்சன்டேஜ் = 150. (எல்லாம் ஆங்கிலத்தில், ஆட்டோஓபன் ஒரே சொல்லாக.) அதன் பிறகு எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த வரி ஓடி அளவைச் சரிசெய்யும். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரை வேர்ட் நம்பகமான இடமாக எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வராது. ஆனால் மெயிலில் வந்த கோப்பு புரொடெக்டட் வியூவில் (படிக்க மட்டும் விடும் பாதுகாப்பு நிலை) திறந்தால், 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தும் வரை மேக்ரோவால் பலனில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் ஐ.டி. ஆட்கள் மேக்ரோவையே பூட்டி வைத்திருந்தால் இந்த வழியும் அடைபட்டது. ஆல்ட், டபிள்யூ, க்யூ என்று வரிசையாகத் தட்டி, ஜூம் பெட்டியைத் திறந்து கையால்தான் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியில் 'டெக்ஸ்ட் விட்த்' என்று ஒன்று இருக்கிறது. ஓரத்து வெற்றிடத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் திரை அகலத்துக்குக் கொண்டுவரும். புரூஃப் பார்ப்பவர்கள் சதவீதத்தை விட இதைப் பழகிக்கொள்வது நல்லது.

சன்னல் அளவு இவ்வளவு தொல்லை தராது. கடைசியாக மூடிய சன்னலின் அளவையும் இடத்தையும் வேர்ட் நினைவில் வைத்துக்கொள்ளும். மற்றதையெல்லாம் மூடிவிட்டு, ஒன்றை மட்டும் வேண்டிய அளவுக்கு இழுத்து வைத்து மூடினால் போதும். ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் 'ரன்' என்ற இடத்தில் மேக்ஸிமைஸ்ட் என்று வைக்கலாம்தான், ஆனால் அந்த ஷார்ட்கட் வழியாகத் திறந்தால் மட்டுமே அது செல்லும். இன்னொன்று: ஜூம் பொத்தான்கள் மங்கிப்போய் வேலை செய்யவில்லை என்றால் வியூ பட்டியில் 'சைட் டு சைட்' அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'வெர்ட்டிகல்' கொடுத்தால் சரியாகிவிடும்.

வேர்டைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் கொஞ்ச நாள் வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸில்தான் வேலை செய்தேன். அங்கேதான் மனசு குளிர்ந்தது. 2025 பிப்ரவரியில் வந்த 25.2 பதிப்பில், கோப்புக்குள் என்ன ஜூம் இருந்தாலும் நான் சொல்லும் அளவில்தான் திறக்க வேண்டும் என்று வைக்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ரைட்டர், வியூ என்று போனால் இருக்கிறது. மேக்ரோ இல்லை, ஸ்பேஸ் தட்டி அழிக்கும் வித்தை இல்லை. அதுவும் காசு வாங்காமல் கொடுக்கிற மென்பொருளில்! கேட்டவர் குறையைக் காது கொடுத்துக் கேட்டு யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்கச் சொல்கிறேன் என்று தம்பி கேட்டார். வேர்டைத்தான் சொன்னேன். பதிப்பகத்திலிருந்து வரும் கோப்பில் டிராக் சேஞ்சஸ் (யார் எதைத் திருத்தினார் என்ற அடையாளம்) இருக்கும், ஓரத்தில் ஆசிரியர் குறிப்பு இருக்கும், பக்க எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது 43ஆம் பக்கத்து வரி 44க்குப் போய்விட்டால் போனில் அரை மணி நேரம் வீணாகும். அவர்கள் வேர்டில் இருக்கும் வரை நானும் அங்கேதான் இருந்தாக வேண்டும். சொந்தமாக எழுதுபவர், தன் கோப்பைத் தானே அச்சுக்குக் கொடுப்பவர் என்றால் யோசிக்காமல் லிப்ரே ஆபீஸுக்குப் போகலாம். தம்பிக்கு மேக்ரோ வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நார்மல்.டாட்எம்-ஐ ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.