திண்டுக்கல் – பழனி சாலை அன்னதானப் பந்தல்கள்: நடப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரையிலான ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தை நடந்து கடப்பவருக்குக் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டிய தேவை அநேகமாக எழுவதில்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து வரும் பாதயாத்திரைக் குழுக்களில் பெரும்பாலானவை இந்தச் சாலையில் வந்து கலந்துவிடுகின்றன. காவடியோடு குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம் வழியாக வரும் நகரத்தார் கூட்டமும் அவற்றுள் ஒன்று. ஆகவே பந்தல்களும் இங்கேதான் மிகுதி. பக்தியோடு இடும் சோற்றுக்குக் குறைநிறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு பந்தல் போட எண்ணியிருப்பவர்களுக்கு நடப்பவரின் கால் என்ன சொல்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது என்பதே என் பதில்.

முதலில் உபசரிப்பு. இதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவராகத் தோன்றும் ஒருவர் வெறுங்காலோடு சாலை நடுவில் வந்து நின்று, "சாமி, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கைகூப்பும்போது, வயிறு நிறைந்திருந்தாலும் மறுத்துவிட்டு நடப்பது எளிதன்று. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. மறுக்கக் கூசி வாங்கிய தக்காளி சாதம் இரண்டு கவளத்தோடு சாலையோரத்தில் கிடப்பதை மைலுக்கு மைல் காணலாம். கரண்டியை நிறைத்து வைப்பதைக் காட்டிலும், கேட்டுக் கேட்டுக் கொஞ்சமாக இடும் பந்தல்களில்தான் தட்டுகள் துடைத்தாற்போல் காலியாகின்றன.

உணவின் சுவையைப் பொறுத்தவரை வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. எலுமிச்சைச் சாதம் மட்டும் ஆறியபின் தொண்டையில் இறங்க மறுக்கிறது. ஆனால் சுவையைவிட நேரம்தான் பெரிய விஷயம். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் பின்னிரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள், உச்சிவேளையில் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். பந்தல்களோ பகல் பதினொரு மணிக்குமேல்தான் களைகட்டுகின்றன. உண்மையிலேயே பசியெடுக்கும் நாலு மணி இருட்டில் சுக்குக் காபி கிடைத்தாலே பெரிய பேறு. ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி ஒரு சிறிய கொட்டகையில் அந்த நேரத்தில் சூடான கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொடுத்தார்கள். பதாகையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. பக்கத்தில் ஓர் அண்டாவில் வெதுவெதுப்பான உப்புநீர் வைத்து, காலை நனைத்துக்கொள்ளப் பிளாஸ்டிக் தொட்டிகளும் போட்டிருந்தார்கள். இந்தச் சாலையில் என் முதல் மதிப்பெண் அந்தக் கொட்டகைக்கே.

பந்தல்காரர்கள் கொடுப்பது ஒருபுறம் இருக்க, நடப்பவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதையும் இந்தச் சேவையின் பாதியாகவே கருத வேண்டும். முன்னால் சென்றவர்கள் பந்தலில் பொட்டலம் வாங்கி, கொப்புளத்தோடு பின்தங்கி வரும் முதியவர்களுக்காக மைல்கல்லின்மேல் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். சாமான் ஏற்றிய வண்டியோடு வரும் குழுக்களின் குருசாமிகள், தனியாக நடக்கும் முன்பின் தெரியாதவரையும் பந்தியில் அமர்த்திய பிறகே தங்கள் தட்டைத் தொடுகிறார்கள். ஒரு குழுவின் ஊறுகாய் இன்னொரு குழுவின் தயிர்சாதத்தோடு சேர்வதும், ஊர் பேர் கேட்பதற்கு முன்பே வலி மருந்து கைமாறுவதும் இங்கே இயல்பாக நடக்கின்றன. பணம் செலவழித்து ஏற்பாடு செய்யக்கூடியது அன்று இது. பந்தல்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நின்றபடி வாங்கிக்கொண்டு நகரச் செய்யாமல் நாலு ஜமுக்காளம் விரித்துப் போட்டால், இந்தப் பகிர்வு தானே நடக்கும்.

குறைகளில் பெரியது கழிப்பறை. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிட முன்வருபவர்களில் ஒருவருக்கேனும், அதே கூட்டத்திலுள்ள பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்ற எண்ணம் எழுவதில்லை. பல பெண்கள் இதற்கு அஞ்சியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு நடக்கிறார்கள். மோரும் பானகமும் வழிநெடுகக் கிடைத்து அவர்களுக்கு என்ன பயன்? அடுத்தது குப்பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், சில பந்தல்களில் பிளாஸ்டிக் தடவிய தட்டுகளே புழங்குகின்றன. பாக்குமட்டையோ மந்தார இலையோ வைத்தவர்கள்கூடத் தொட்டியைப் பந்தல் வாசலில் வைக்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே நடப்பவர் தட்டை எறிவது அரைக் கிலோமீட்டர் தள்ளி. தொட்டி இருக்க வேண்டியதும் அங்கேதான்.

முதன்முறை நடப்பவர்களுக்கு: ஒட்டன்சத்திரம் வரை கிடைத்த இடத்தில் சாப்பிடலாம், அதன்பின் பந்தல்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்றில் நின்றால் போதும். அடிவாரத்தில் எவ்வளவு வற்புறுத்தினாலும் நீர்மோரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 693 படிகளை நிறைந்த வயிற்றோடு ஏறுவது கடினம்; மலைமேல் கோயில் நிர்வாகம் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடத்துவதால், தரிசனம் முடித்து அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம்.