ஐரிஷ் கல்யாணப் பதிவுகள்: அரசு ஏடா, கோயில் ஏடா?

அயர்லாந்து முன்னோரைத் தேடுகிறவருக்குப் பிறப்புப் பதிவைவிடத் திருமணப் பதிவுதான் அதிகம் கைகொடுக்கும். ஒரே வரியில் இரண்டு குடும்பங்கள் சிக்குகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், 1821 முதல் 1851 வரையிலான தாள்களில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயிற்று. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே அழித்துவிட்டது. முழுசாக மிஞ்சிய முதல் இரண்டு 1901, 1911தான். கத்தோலிக்கப் பங்கு (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி) ஏடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தீயிலிருந்து தப்பின. அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் ஏடுகளில் பாதிக்கு மேல் காப்பகத்துக்குப் போயிருந்ததால் போயே போய்விட்டன.

அரசுப் பதிவு 1845 ஏப்ரலில் தொடங்குகிறது. ஆனால் அப்போது கத்தோலிக்கரல்லாதோர் திருமணங்களுக்கு மட்டும். 1864 ஜனவரி 1 முதல்தான் எல்லோருக்கும். இதன் பெரிய பலம், மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் தனிக் கட்டத்தில் இருப்பது. கார்க் மாவட்டத்தில் ஜான் மர்ஃபி என்ற பெயரைத் தேடிப் பாருங்கள், தலை சுற்றும். தந்தை பெயர் பேட்ரிக், விவசாயி என்று ஒரு கட்டம் சொன்னால் கூட்டம் சட்டென்று குறையும். தொழில், வசிப்பிடம், முன்பே மணமாகித் துணையை இழந்தவரா என்பதெல்லாம் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர் இட்ட குறிகூட இருக்கும்.

குறை என்ன? தாய் பெயர் கிடையாது. வயது கட்டத்தில் பல இடங்களில் 'முழு வயது' என்றுதான் இருக்கும். 21 அல்லது அதற்கு மேல் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை, 22ஆகவும் இருக்கலாம், 50ஆகவும் இருக்கலாம். வசிப்பிடம் என்பது கல்யாண நேரத்து முகவரி. வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு அது முதலாளி வீடாகக்கூட இருக்கும். அதைச் சொந்த ஊர் என்று நம்பிப் பல வாரம் அலைகிறவர்கள் உண்டு.

கோயில் ஏடு வேறு ரகம். அரசுக் கட்டங்களோடு பார்த்தால் கஞ்சத்தனமானது: தேதி, இரண்டு பெயர், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். பல பங்குகளில் பெற்றோர் பெயரே இருக்காது. அதுவும் பாதி லத்தீனில். ஜேம்ஸ் 'யாகோபுஸ்' ஆகிவிடுவார், வில்லியம் 'குலியெல்முஸ்'. ஆனாலும் 1864க்கு முந்தைய கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. மேற்குப் பகுதியின் பல பங்குகளில் 1820களுக்கு முன்னால் இதுவும் இல்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சாட்சிகள்தான். சும்மா வந்து நின்றவர்கள் அல்ல; பெரும்பாலும் அண்ணன், தங்கை, ஒன்றுவிட்ட உறவு. அதே பெயர்கள் சில வருடம் கழித்துக் குழந்தையின் ஞானப் பெற்றோராக வந்தால் சரியான வீட்டைத்தான் பிடித்திருக்கிறோம் என்று நம்பலாம். உறவுக்குள் நடந்த மணமென்றால் சாமியார் அனுமதி விலக்கை (உறவுத் தடையை நீக்கிச் சபை தரும் அனுமதி) எழுதி, இரண்டாம் படி (தாத்தா பாட்டி பொது), மூன்றாம் படி (ஒரு தலைமுறை மேலே) என்று உறவையும் குறித்திருப்பார். அந்த ஒற்றைச் சொல்லில் தாத்தா பாட்டி வரை ஏறிவிடலாம். கல்யாணம் வழக்கமாகப் பெண்ணின் பங்கில் நடக்கும் என்பதால், மாப்பிள்ளை ஊரில் கிடைக்கவில்லையே என்று சோர வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய வாரங்களின் பக்கங்களை முதலில் பாருங்கள், நெரிசலே அங்கேதான்.

தேடும் வசதியில் அரசுப் பதிவு எளிதாக ஜெயிக்கிறது. 75 ஆண்டு கடந்த திருமணங்கள் ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் இலவசம், பெயர் போட்டாலே ஏட்டின் படம் வரும். வட அயர்லாந்துக்கு 1921 வரைதான் அங்கே. பிறகு பெல்ஃபாஸ்ட் பதிவகத்தின் கட்டணத் தளம். கோயில் ஏட்டின் படங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015இல் இலவசமாகத் திறந்தது, ஏறக்குறைய 1880 வரை. ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது, பங்கு தெரிந்திருக்க வேண்டும். ரூட்ஸ்அயர்லாந்து தளம் காசு வாங்கிக்கொண்டு பெயரில் தேடித் தரும். தட்டச்சு செய்த எழுத்துதான், படம் இல்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, கிடைத்த தேதியை வைத்து நூலகப் படத்தில் சரிபார்ப்பதே என் யோசனை.

1864க்குப் பிந்தைய ஜோடி என்றால் அரசு ஏட்டில் தொடங்குங்கள். வருடம் தெரியாதா? 1911 கணக்கெடுப்பில் மணமாகி எத்தனை வருடம் என்ற கேள்வி இருந்தது, அதைக் கழித்துப் பாருங்கள். அப்புறம் அதே தேதியைக் கோயில் ஏட்டிலும் திறந்து சாட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தையும் விடாதீர்கள்: 1908 முதல் ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும் என்று விதி வந்தது. பாஸ்டனில் நடந்த கல்யாணம், கோல்வே ஏட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடக்கலாம்.